கட்டடம் இல்லாத பல்கலைக்கழகங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

ஓர் ஊரில் கல்லூரி வரப்போகிறது என்றால், எத்தனை ஏக்கர் நிலம், எத்தனை மாடிக் கட்டடம் என்றுதான் நாம் முதலில் விசாரிக்கிறோம். பன்னிரண்டாம், பதின்மூன்றாம் நூற்றாண்டுகளில் மேற்கு ஐரோப்பாவில் உருவான பல்கலைக்கழகங்களுக்கோ, தொடக்கத்தில் சொந்தக் கட்டடம் என்று சொல்லிக்கொள்ள ஏதும் இருக்கவில்லை. ஆசிரியர் தம் வீட்டிலோ வாடகைக் கூடத்திலோ பாடம் சொன்னார். பாரிசில் மாணவர்கள் தரையில் பரப்பிய வைக்கோல்மீது அமர்ந்து கேட்டார்கள். அந்த இல்லாமைதான் அவற்றின் பெரும்பலம் என்பது என் நெடுநாள் கருத்து.

இத்தாலியின் பொலோனியா நகரைப் பாருங்கள். அங்கே சட்டம் படிக்க வந்தவர்களில் பெரும்பாலோர் வெளியூரார். சிறுவர்களும் அல்லர், வயது வந்தவர்கள். வெளியூரானுக்கு அந்நகரில் குடியுரிமை கிடையாது. அவன் நாட்டான் எவனோ வாங்கிய கடனுக்காக அவனைப் பிடித்து வைக்கும் வழக்கமும் அக்காலத்தில் இருந்தது. 1158ஆம் ஆண்டளவில் பேரரசர் பிரெடெரிக் பார்பரோசா ஓர் ஆணை பிறப்பித்து, மாணவர்களை அவ்வாறு துன்புறுத்தலாகாது என்று விதித்தார். ஆனால் பேரரசர் தொலைவில் இருப்பவர். வீட்டுக்காரரோ பக்கத்தில் இருப்பவர். ஆகவே மாணவர்கள் தாங்களே சங்கம் அமைத்துக்கொண்டார்கள்.

இந்தச் சங்கத்தின் கதையை நான் எங்கும் சொல்லாமல் விட்டதில்லை, இன்றும் விடப்போவதில்லை. ஆசிரியரின் வருமானம் மாணவர் தந்த கட்டணத்திலிருந்து வந்ததால், அதிகாரமும் மாணவரிடமே சென்றது. மாணவர்கள் தேர்ந்தெடுத்த தலைவருக்குக் கீழ்ப்படிவதாக ஆசிரியர் சத்தியம் செய்ய வேண்டும். மணி அடித்தும் பாடத்தைத் தொடங்காவிட்டால் அபராதம். முடிவு மணிக்குப் பின் பேச்சை நீட்டினாலும் அபராதம். கடினமான பகுதியைப் பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டாலும் அபராதம்தான்! குறித்த நாளுக்குள் குறித்த பகுதி முடியவில்லையென்றால், ஆசிரியர் முன்கூட்டியே கட்டியிருந்த பிணைத்தொகையிலிருந்து பணம் பிடிக்கப்பட்டது. ஊரைவிட்டு வெளியே செல்ல அனுமதி வேண்டும். ஐந்து பேர்கூடக் கேட்க வராத வகுப்பு, நடத்தாத வகுப்பாகவே கணக்கிடப்பட்டது. இத்தனைக்கும் நடுவில், தேர்வு நடத்திப் பட்டத்துக்குத் தகுதி காணும் உரிமையை மட்டும் ஆசிரியர்கள் தங்கள் கையில் வைத்துக்கொண்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

நகரமும் பணிந்தாக வேண்டியிருந்தது. கட்டடம் இல்லாதவர்களுக்கு மூட்டை கட்டுவது எளிது அல்லவா! 1222இல் பொலோனியாவிலிருந்து வெளியேறிய ஆசிரியர்களும் மாணவர்களும் பதுவாவில் குடியேற, அங்கே ஒரு பல்கலைக்கழகம் பிறந்தது. இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டில் 1209இல் நடந்தது இன்னும் கொடியது. ஒரு பெண்ணைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட மாணவன் தப்பி ஓட, அவனுடன் தங்கியிருந்தவர்களைப் பிடித்துத் தூக்கிலிட்டார்கள். ஆசிரியர்களும் மாணவர்களும் ஊரைக் காலி செய்தார்கள். அவர்களில் சிலர் சென்று சேர்ந்த ஊர் கேம்பிரிட்ஜ். 1214இல் சமரசம் ஏற்பட்டபோது, மாணவர் விடுதிகளின் வாடகையைப் பத்தாண்டுகளுக்குப் பாதியாகக் குறைக்க ஆக்ஸ்போர்டு நகரத்தார் ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

பாரிசில் அதிகாரம் ஆசிரியர் சங்கத்திடம் இருந்தது. ஆயினும் ஆயுதம் அதுவேதான். 1229இல் ஒரு மதுக்கடையில் விலை பற்றி எழுந்த சண்டை கலவரமாகி, காவலர் கையில் மாணவர்கள் சிலர் உயிரிழந்தனர். ஆசிரியர்கள் பாடங்களை நிறுத்திவிட்டு ஆர்லியன், அன்ஷே, துலூஸ் எனப் பல நகரங்களுக்குக் கலைந்து சென்றார்கள். ஈராண்டுகளுக்குப் பின், 1231இல் திருத்தந்தை ஒன்பதாம் கிரகோரி, நீதி கிடைக்காதபோது பாடத்தை நிறுத்தும் உரிமையை ஆணையாகவே எழுதிக்கொடுத்தார்.

புத்தகங்களைப் பகுதி பகுதியாக வாடகைக்கு எடுத்து நகலெடுத்த முறை பற்றியும் விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். கடிகாரம் இடம் தரவில்லை. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். 1264இல் மெர்ட்டன் கல்லூரி நிறுவப்பட்டது முதலாக ஆக்ஸ்போர்டுக்கும் நிலமும் சுவரும் சேரத் தொடங்கின. 1330களில் ஆக்ஸ்போர்டிலிருந்து ஒரு கூட்டம் இங்கிலாந்தின் ஸ்டாம்போர்டு நகருக்குப் பெயர்ந்தபோது, இம்முறை அரசரே தலையிட்டு அதைக் கலைத்தார். ஸ்டாம்போர்டில் பாடம் சொல்லமாட்டேன் என்று ஆக்ஸ்போர்டில் பட்டம் பெறுவோரிடம் வாங்கிய உறுதிமொழி 1827 வரை நீடித்தது.

நன்றி, வணக்கம்.