அவர்களே போட்ட கட்டுப்பாடு

பெரியவர்களே, தாய்மார்களே, வணக்கம்.

'காலத்தால் அழியாத அறிவு' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். அதற்காக நான் ஏட்டைப் புரட்டப் போவதில்லை. இதோ, பாம்பன் பக்கம் சின்னப்பாலம் இருக்கிறதே, அங்கிருந்து கடல்பாசி எடுக்கப் போகும் பெண்களைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி, இடுப்பில் வலைப்பை. பாறை கையைக் கிழித்துவிடும் என்று விரலுக்கு விரல் துணி சுற்றியிருப்பார்கள். மூச்சை அடக்கி முங்கி, மரிக்கொழுந்துப் பாசியைப் பறித்துக்கொண்டு மேலே வருவார்கள். அது அகார் என்ற, கூழை உறைய வைக்கும் பொருளாகி எந்தெந்த ஊர் ஆலைக்கோ போகிறது. பறித்தவளுக்குக் கிடைப்பது சொற்பம்தான்.

1986-இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் தேசியப் பூங்கா ஆயின. தலைமுறையாகப் போய்வந்த இடத்துக்குப் பயந்து பயந்து போக வேண்டிய நிலை வந்தது. சரி, பிழைப்புப் போய்விடுமே என்று கிடைத்ததை எல்லாம் வாரிக்கொள்ளவா செய்தார்கள்? கூடிப் பேசினார்கள். மாதத்துக்கு 12 நாள்தான் போவது. அப்போது 45 நாளாக இருந்த மீன்பிடித் தடைக்காலத்தில் பாசிக்கு இறங்குவதே இல்லை. இரும்பு வைத்துச் சுரண்டக் கூடாது, கையால்தான் பறிக்க வேண்டும். அடி தங்கினால்தான் மறுபடி வளரும். அவர்களில் ஒருவரான லட்சுமிக்கு 2015-இல் சீகாலஜி என்ற உலக விருது கிடைத்தது.

கொஞ்சம் யோசியுங்கள். இறங்கினால் அன்றைக்குக் கையில் காசு. இறங்காவிட்டால் கடன்காரர் வாசலில் நிற்பார். வயிறு காய்கிறவர்கள் நாளைக்கும் வேண்டும் என்று கையை மடக்கிக்கொள்வது சாதாரணக் காரியமா? என்னைக் கேட்டால், அறம் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

இரண்டு படகு சேர்ந்து இழுத்து எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போகும் இரட்டைமடி வலைக்கும் சட்டத்தில் தடை இருக்கிறது. அப்புறமும் அந்த வலை கடலில் இறங்குகிறதா இல்லையா, நீங்களே சொல்லுங்கள். காவலுக்குப் பயந்தவன் காவல் இல்லாத நேரம் பார்ப்பான். பக்கத்து வீட்டுக்காரிக்கு வாக்குக் கொடுத்தவள் அவள் முகத்தில் நாளைக்கும் விழிக்க வேண்டும்.

கடலைப் பற்றி முடிவெடுக்கும் கூட்டங்களில் இந்தப் பெண்களுக்கு நாற்காலி போடுகிறோமா? கடலடியில் எந்தப் பாறைத் திட்டில் பாசி குறைந்திருக்கிறது என்று அவர்கள் விரலுக்குத் தெரியும். அடுத்த கூட்டத்துக்கு அவர்களைக் கூப்பிடுங்கள். முதலில் அவர்கள் பேசட்டும், நாங்கள் அப்புறம் பேசிக்கொள்கிறோம்.