எதிரில் ஆள், கையில் பேஸ்டல்: முதல் 20 நிமிடத்தில் என்ன செய்வது

[திரையில்: ஈசலில், அதாவது படம் வரையும் தாங்கியில், வெறும் சாம்பல் நிறத் தாள். பக்கத்தில் திறந்திருக்கும் பேஸ்டல் பெட்டி.]

வணக்கம். போட்டோவைப் பார்த்து பேஸ்டலில் முகம் வரைய உங்களுக்கு வரும். ஆனால் எதிரில் ஒருவர் மூச்சு விட்டுக்கொண்டு, கண் சிமிட்டிக்கொண்டு, தெரியாமலே கொஞ்சம் கொஞ்சமாக ஒரு பக்கம் சாய்ந்துகொண்டே உட்கார்ந்திருக்கும்போது அதே கை தடுமாறுகிறது. போட்டோ நகராது, அது தெரிந்ததுதான். அதைவிடப் பெரிய விஷயம், எது நிழல் எது வெளிச்சம் என்ற முடிவில் பாதியை கேமராவே எடுத்துத் தந்துவிடுகிறது. ஆள் முன்னால் உட்கார்ந்துவிட்டால் அந்த முடிவு முழுக்க உங்கள் தலையில். அதனால் இந்த வீடியோவில் நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது ஒன்றுதான்: முதல் சுற்று முடிவதற்குள் நிழலைப் பூட்டிவிடுங்கள், அதாவது நிழல் எங்கே என்று முடிவு செய்து தாளில் வைத்துவிட்டு, பிறகு மாற்றாதீர்கள். கண், மூக்கு, உதடு எல்லாம் அப்புறம்.

முதலில் ஒரு செஷன் எப்படி நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் என்று வேகமான போஸ்களில் ஆரம்பிப்பார்கள், அது கை சூடாவதற்கு. பிறகு நீண்ட போஸ்: ஏறத்தாழ 20 நிமிடம் உட்காருவது, 5 நிமிட ஓய்வு, மறுபடி அதே போஸ். ஓய்வுக்கு எழுந்திருக்கும் முன் பாதம், கை, முட்டி படும் இடங்களில் மாஸ்க்கிங் டேப் ஒட்டி அடையாளம் வைத்துக்கொள்வார்கள். மாடலிடம் கேட்காமல் போட்டோ எடுப்பது, போஸைச் சரிசெய்கிறேன் என்று தொடுவது, உடம்பைப் பற்றிக் கமென்ட் அடிப்பது, இந்த மூன்றும் கூடவே கூடாது. ஆடையில்லாத போஸ் என்றால் அறை கதகதப்பாக இருக்க வேண்டும், ஓய்வில் போர்த்திக்கொள்ள அவர் கையெட்டும் தூரத்தில் அங்கி இருக்க வேண்டும். கையைத் தலைக்கு மேல் தூக்கி நிற்கும் போஸ் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் 20 நிமிடம் யாராலும் தாங்க முடியாது. எது முடியும் என்று சொல்ல வேண்டியவர் மாடல்தான், நீங்கள் இல்லை.

சரி, ஏன் பேஸ்டல்? எண்ணெய் வண்ணம் மாதிரி குழைக்க வேண்டாம், நீர்வண்ணம் மாதிரி காயக் காத்திருக்க வேண்டாம். குச்சியை எடுத்தால் நிறம், தாளில் வைத்தால் கோடு, பக்கவாட்டில் படுக்கவைத்து இழுத்தால் ஒரு பரப்பே நிரம்பிவிடும். கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது இதைவிட வசதியான சாமான் எனக்குத் தெரியாது. குச்சிக்குள் இருப்பது நிறமித் தூள், அதோடு சுண்ணம் அல்லது வெள்ளைக் களிமண், எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்கக் கொஞ்சம் பிசின். பிசின் குறைவாக இருப்பதால்தான் சாஃப்ட் பேஸ்டல் கை பட்டதும் உதிர்கிறது. ஹார்ட் பேஸ்டல் அதைவிடக் கெட்டி, மெல்லிய கோட்டுக்கு நல்லது. ஆயில் பேஸ்டல் வேறு சாதி, அதை இதோடு கலக்காதீர்கள், ஒன்றின் மேல் ஒன்று ஒட்டாது.

[திரையில்: தாளின் இரண்டு பக்கங்களும் குளோசப்பில்.]

தாள். வெள்ளைத் தாள் வேண்டாம். நடுத்தர அடர்த்தியில் ஒரு சாம்பலோ, மங்கிய பழுப்போ எடுங்கள், அப்போது அடர்ந்த குச்சிக்கும் வெளிர் குச்சிக்கும் நடுவில் இருக்கும் டோனை, அதாவது வெளிர்-அடர்த்தி அளவை, தாளே பார்த்துக்கொள்ளும், உங்கள் வேலையில் மூன்றில் ஒரு பங்கு மிச்சம். கான்சன் மி-தாந்த் மாதிரித் தாளில் ஒரு பக்கம் தேன்கூடு போலக் குழிகுழியாக இருக்கும், மறுபக்கம் வழவழப்பு அதிகம். முகம் வரைய எனக்கு வழவழப்பான பக்கம்தான் பிடிக்கும், குழிப் பக்கத்தில் வரைந்தால் கன்னமெல்லாம் புள்ளிபுள்ளியாகத் தெரியும். உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பான பேஸ்டல் தாள்கள் இன்னும் பல அடுக்குகளைத் தாங்கும், விலையும் அதற்கேற்ற மாதிரி.

விளக்கு ஒன்றே ஒன்று போதும், ஒரு பக்கமாக, மாடலின் கண்மட்டத்துக்கு மேலே இருந்து. இரண்டு பக்கமும் விளக்கு வைத்தால் நிழல்கள் ஒன்றையொன்று தின்றுவிடும், அப்புறம் பூட்டுவதற்கு எதுவும் இருக்காது. உங்கள் தாள் மேலும் போதிய வெளிச்சம் விழ வேண்டும். மஞ்சள் விளக்கின் கீழ் வரைந்த படத்தைப் பகலில் எடுத்துப் பார்த்தால் நிறங்கள் வேறு ஆளுடையது மாதிரி இருக்கும்.

இன்னொரு வேலை, மாடல் உட்காருவதற்கு முன்பே பெட்டியிலிருந்து பத்துப் பன்னிரண்டு குச்சிகளை மட்டும் எடுத்து, அடர்த்தியிலிருந்து வெளிர் வரை வரிசையாக வைத்துவிடுங்கள். நூறு குச்சிப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் வரைகிற நேரம் போய் தேடுகிற நேரம்தான் மிஞ்சும்.

[திரையில்: மாடல் நாற்காலியில் உட்காருகிறார். மூலையில் 20:00 என்று கடிகாரம் ஓடத் தொடங்குகிறது.]

இப்போது அந்த 20 நிமிடம். முதல் இரண்டு மூன்று நிமிடம் எதையும் உறுதியாக வைக்காதீர்கள். உட்கார்ந்தவுடன் எல்லோரும் நிமிர்ந்துதான் இருப்பார்கள். கொஞ்ச நேரத்தில் தோள் இறங்கும், இடுப்பு அமரும், முகவாய் தாழும். அதுதான் உண்மையான போஸ், கடைசி வரை நிற்கப்போவதும் அதுதான். அதுவரை தலை உச்சி எங்கே, கீழ் விளிம்பு எங்கே, கழுத்துக் குழியிலிருந்து நேராகக் கீழே ஒரு கோடு விட்டால் அது எங்கே போய் விழுகிறது, இவ்வளவை மட்டும் மெல்லிதாகக் குறித்துக்கொள்ளுங்கள். நின்ற போஸ் என்றால் அந்தக் கோடு எடையைத் தாங்கும் பாதத்துக்குப் பக்கத்தில் விழ வேண்டும். விழவில்லை என்றால் உங்கள் படத்தில் இருப்பவர் கீழே சாயப்போகிறார்.

அப்புறம் கண்ணைச் சுருக்குங்கள். நன்றாக, இமைமயிர் வழியாகப் பார்க்கிற அளவுக்கு. புருவம், உதட்டு ஓரம், சட்டைப் பொத்தான் எல்லாம் மறைந்து இரண்டே பகுதிகள் தெரியும்: வெளிச்சம் பட்டது, படாதது. கண்குழி, மூக்கின் ஒரு பக்கம், முகவாய்க்கு அடியில் கழுத்தில் விழும் நிழல், தோளின் இருட்டுப் பக்கம், இவையெல்லாம் பெரும்பாலும் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டு ஒரே உருவமாக இருக்கும். தனித்தனியாக வரையாதீர்கள். அடர்ந்த குச்சி ஒன்றை ஒடித்து, ஓர் அங்குலத் துண்டைப் படுக்கவைத்து, அந்த நிழல் மொத்தத்தையும் ஒரே நிறத்தில் இழுத்துவிடுங்கள். நீலம் கலந்த பழுப்போ, அடர் ஊதாவோ, எதுவும் பரவாயில்லை. அழுத்த வேண்டாம், தாளின் சொரசொரப்பு இப்போதே நிரம்பிவிட்டால் மேலே போடும் எதுவும் பிடிக்காது. இந்தக் கட்டத்தில் கண் வரைய ஆசை வரும். அடக்கிக்கொள்ளுங்கள். நிழல் சரியான இடத்தில் விழுந்தால் கண்ணே வரையாமல் தூரத்திலிருந்து பார்ப்பவர் ‘இது அவர்தானே’ என்று கேட்பார், ஏனென்றால் ஓர் ஆளை அறையின் மறுமுனையிலிருந்து நாம் அடையாளம் காண்பது இமைமயிரை எண்ணி இல்லை.

சரி, ஓய்வு முடிந்தது, மாடல் திரும்பி வந்து உட்காருகிறார். அச்சு அசலாக அதே இடத்தில் உட்காரவே மாட்டார், டேப் ஒட்டியிருந்தாலும். இங்கேதான் பலரும் கெட்டுப்போகிறார்கள். முகம் கொஞ்சம் திரும்பியிருக்கிறது என்று மூக்கை நகர்த்துவார்கள், அடுத்த சுற்றில் கண்ணை நகர்த்துவார்கள், கடைசியில் மூன்று போஸ்களில் இருந்து எடுத்து ஒட்டிய ஒரு முகம். முதல் சுற்றில் பூட்டிய நிழல்தான் உங்கள் சாட்சி, மாடல் நகர்ந்தாலும் நீங்கள் அதை விட்டு நகராதீர்கள். ரொம்ப மாறிவிட்டது என்றால் வாய்விட்டு, மரியாதையாக, ‘தலையைக் கொஞ்சம் ஜன்னல் பக்கம் திருப்ப முடியுமா’ என்று கேட்கலாம்.

18ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு ஓவியர் மோரீஸ் கான்தான் தெ லா தூர் இந்த நேரப் பிரச்சினையைச் சமாளித்த விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். பெரிய மனிதர்களை நாள் கணக்கில் உட்காரவைக்க முடியுமா? முகத்தை மட்டும் சின்னத் தாளில் வேகமாக பேஸ்டலில் எடுத்துக்கொள்வார். பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கும், மன்னர் பதினைந்தாம் லூயியின் காதலி மதாம் தெ பொம்பதூரை அவர் வரைந்த ஓவியம் ஏறக்குறைய 1.78 மீட்டர் உயரம், 1755இல் காட்சிக்கு வைத்தது. கிட்டே போய்ப் பார்த்தால் பல தாள்களை ஒட்டிச் செய்தது, முகம் தனித் தாளில். பின்னால் வந்த பிரெஞ்சு ஓவியர் எட்கர் டெகாவும் அப்படித்தான், உருவம் தாளை மீறிப் போனால் ஒரு பட்டைத் தாளை ஒட்டி மேலே வரைந்துகொண்டே போவார். அதனால் பாதத்துக்கு இடம் பத்தவில்லை என்று மொத்தப் படத்தையும் அழிக்காதீர்கள்.

[திரையில்: நிழல் மட்டும் போட்ட படம். அதன் மேல் நடுத்தர நிறங்கள் ஏறுகின்றன.]

இப்போது வெளிச்சப் பகுதி. பொதுவாக அடர்த்தியிலிருந்து வெளிருக்கு, கெட்டிக் குச்சியிலிருந்து மென்மையான குச்சிக்குப் போங்கள். தோல் நிறம் என்று பெட்டியில் தேடாதீர்கள், அப்படி ஒரு நிறம் கிடையாது. டோன் சரியாக இருந்தால் பச்சை, ஊதா, ஆரஞ்சு எதைப் போட்டாலும் தோலாகத்தான் தெரியும். டோன் தப்பினால் மிகச் சரியான பழுப்பும் தப்பாகத் தெரியும். காது, மூக்கு நுனி, விரல் கணுக்களில் சிவப்பு ஏறியிருக்கும், வெளிச்சம் நிழலாகத் திரும்பும் ஓரத்தில் பல நேரம் ஒரு மங்கிய பச்சை ஓடும். கறுத்த தோலில் மினுமினுப்பு கூர்மையாக விழும், அது விளக்கின் நிறத்தையே எடுத்துக்கொள்ளும்: ஜன்னல் வெளிச்சம் என்றால் வெளிர் நீலம், மஞ்சள் பல்பு என்றால் காவி கலந்த மஞ்சள். அங்கே வெள்ளைக் குச்சியை வைத்தீர்களோ, மாவு பூசிய முகம்தான் கிடைக்கும். வெள்ளையை நான் பெட்டியிலேயே விட்டுவிடுவேன்.

விரலால் தேய்ப்பது பற்றிப் பெரிய சண்டையே உண்டு. அடி அடுக்கில் தேய்த்தால் தவறில்லை. மேல் அடுக்கிலும் தேய்த்துக்கொண்டே போனால் நிறங்கள் கலங்கிச் சாம்பலாகிவிடும், பேஸ்டலின் அழகே நிறமித் துகள்கள் தனித்தனியாக வெளிச்சத்தைச் சிதறடிப்பதில்தான் இருக்கிறது. ஒரு கோட்டின் பக்கத்தில் இன்னொரு கோடு வைத்துப் பாருங்கள், கண் தானாகக் கலந்துகொள்ளும்.

தப்பு வந்தால் ரப்பரை எடுக்காதீர்கள், அது தூளை உள்ளே அழுத்தும். கெட்டியான பன்றிமயிர் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள், மிச்சத்தைப் பிசையும் வகை அழிப்பானால் ஒற்றி எடுங்கள். ஃபிக்சேட்டிவ், அதாவது தூள் உதிராமல் பிடிக்கும் ஸ்பிரே, அடித்தால் படம் ஒரு படி இருண்டுவிடும், குறிப்பாக வெளிர் நிறங்கள் காணாமல் போகும். நடு அடுக்குகளில் லேசாக அடிக்கலாம், கடைசி அடுக்கை அப்படியே விடுவதுதான் என் பழக்கம்.

மாடல் கிடைக்காதவர்கள் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றை வைத்துக்கொள்ளலாம். எண்ணெய் வண்ணத்தால் கண்பார்வை கெட்டுப்போன 18ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு ஓவியர் ஷார்டேன், 70 வயதைத் தாண்டிய பிறகு பேஸ்டலுக்கு மாறி, 1771இலும் 1775இலும் தன்னையே மூக்குக் கண்ணாடியோடு வரைந்தார். உங்கள் முகம்தான் எப்போது கூப்பிட்டாலும் வரும், காசு கேட்காத மாடல்.

தூளை வாயால் ஊதாதீர்கள், அறையில் இருக்கிற எல்லோருடைய மூச்சிலும் போகும், சில நிறமிகளில் காட்மியம் போன்ற உலோகங்கள் உண்டு. ஈசலைச் சற்று முன்பக்கமாகச் சாய்த்துவைத்தால் தூள் படத்தின் மேல் வழியாமல் நேராகக் கீழே விழும், அடியில் ஒரு தாள் தட்டு வைத்து, கடைசியில் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.

[திரையில்: முடிந்த படம். மேலே கிளாசின் தாள் விரிக்கப்படுகிறது.]

எடுத்துப்போகும்போது மேலே கிளாசின் தாள், அதாவது வழவழப்பான மெல்லிய தாள், போட்டு, இரண்டு அட்டைகளுக்கு நடுவில் நகராமல் டேப் ஒட்டுங்கள். பிரேம் போடும்போது படமும் கண்ணாடியும் தொடாமல் நடுவில் மவுன்ட் அட்டை இடைவெளி இருக்க வேண்டும், கடையில் அக்ரிலிக் போடலாமா என்று கேட்டால் வேண்டாம், கண்ணாடியே போடுங்கள் என்று சொல்லுங்கள். சாதாரண அக்ரிலிக்கைத் துணியால் ஒரு தடவை துடைத்தால் போதும், அதில் ஏறும் நிலைமின்சாரம் படத்திலிருந்து தூளை இழுத்து உள்பக்கம் ஒட்டவைத்துவிடும்.