மனநோயை மருத்துவர் எப்படி வகுத்தறிகிறார்?

நேயர்களுக்கு வணக்கம். சர்க்கரை நோயை உறுதிசெய்ய இரத்தப் பரிசோதனை இருப்பதைப் போல, மனச்சோர்வையோ, இல்லாத குரல் கேட்பது போன்ற அறிகுறிகள் கொண்ட மனச்சிதைவையோ உறுதிசெய்யும் பரிசோதனை எதுவும் இன்றுவரை இல்லை. மனநல மருத்துவர் இரத்தம் எடுக்கச் சொல்வது, தைராய்டு குறைபாடு, பி12 வைட்டமின் குறைவு போன்ற உடற்காரணங்கள் உள்ளனவா என்று பார்ப்பதற்காகவே. மற்றபடி, நோயாளியும் வீட்டாரும் சொல்வதைக் கேட்டும், அவருடைய பேச்சையும் நினைவையும் கவனித்துமே நோய் அறியப்படுகிறது.

அவ்வாறு அறிந்ததை எங்கும் ஒரே பெயரால் குறிப்பதற்காக, உலகச் சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டு நோய் வகைப்பாடு உள்ளது. அதன் 11ஆம் பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு வேறு. மனச்சிதைவு என்று சொல்ல முன்னது ஒரு மாத அறிகுறிகளையும், பின்னது ஆறு மாதங்களையும் கேட்கிறது.

அறிகுறிப் பட்டியல் மட்டும் நோயைத் தீர்மானித்துவிடாது. காரைக்குடி முத்துமாரியம்மன் கோயிலுக்கு மாசி, பங்குனியில் பால்குடம் எடுத்து வரும் பெண்ணுக்கு அருள் வந்தால், அது நோயன்று. சமயவழக்கமாக ஏற்கப்பட்ட நிலையைக் கோளாறாகக் கொள்ளலாகாது என்று அந்த வகைப்பாடே சொல்கிறது. அதே பெண், விழாவோ வழிபாடோ இல்லாத நாள்களில், தான் விரும்பாமலே மீண்டும் மீண்டும் அந்நிலைக்கு ஆளாகி, வேலையும் உறக்கமும் கெட்டுத் துன்புற்றால், அப்போது அவரை மருத்துவரிடம் அழைத்து வரவேண்டும்.

எனக்கு அதிகக் கவலை தருவது நம் காரைக்குடிப் பக்கத்து முதியோர் நிலை. பிள்ளைகள் சிங்கப்பூரிலும் சென்னையிலும் இருக்க, வளவு வீட்டில் தனித்திருக்கும் ஆச்சி, கணவரை இழந்தபின் சரியாகச் சாப்பிடாமல், சொன்னதை மறந்து, எதிலும் பற்றில்லாமல் இருந்தால், "வயசாயிருச்சு" என்று விட்டுவிடுகிறோம். அது இயல்பான துக்கமாக இருக்கலாம். நாளின் பெரும்பகுதியும் இரண்டு வாரங்களுக்குக் குறையாமல் நீடிக்கும் மனச்சோர்வாக இருக்கலாம். மறதிநோயின் தொடக்கமாகவும் இருக்கலாம். மூன்றுக்கும் சிகிச்சை வேறு. மனச்சோர்வால் வந்த மறதி, சோர்வு நீங்கும்போது பெரும்பாலும் குறையும் என்பதால், இதைப் பிரித்தறிவதில் காலம் தாழ்த்தக்கூடாது. மாற்றம் எப்போது தொடங்கியது, என்னென்ன மாத்திரைகள் சாப்பிடுகிறார் என்பதை எழுதி எடுத்து வாருங்கள்.

பெண் பார்க்கும் வீடுகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். முன்பு சிகிச்சை பெற்றார் என்பதை மட்டும் வைத்து ஒருவரை இன்றைக்கும் மனநோயாளி என்று முடிவுசெய்வதை, 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் ஏற்கவில்லை. ஐயமுள்ளோர், தொலைபேசி வழியே மனநல ஆலோசனை தரும் அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம். வணக்கம்.