குந்த ஒரு இடம்

அவைத்தலைவர் அவர்களே, நகர சபையின் இந்நாள், முன்னாள் உறுப்பினர்களே, வர்த்தக சங்கத்துப் பெரியோர்களே, வாசகசாலைச் செயலாளர் தம்பி, எல்லோருக்கும் வணக்கம். முன்வரிசையில் இருக்கும் ஓய்வுபெற்ற அதிபர் ஐயா எனக்கு ஏழாம் ஆண்டில் கணக்குப் படிப்பித்தவர். அவர் முன்னால் இலக்கம் சொல்ல இன்னும் பயம்தான். பொன்னாடை போர்த்திய மாதர் சங்கத்தாருக்கு நன்றி, இந்தக் குளிருக்கு உதவும். பெயர் விடுபட்டவர்கள் கோபிக்க வேண்டாம்.

நான்கு விஷயம் பேசுவதாகச் சொல்லியிருக்கிறேன். தனியார் நிலத்தில் பொது இடம் என்றால் என்ன, அதை எப்படி அமைப்பது, எப்படிச் சட்டத்துக்குள் வைப்பது, யார் பராமரிப்பது. அதற்கு முன் ஒரு பழமொழி: சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான். என்னைத் தெரிந்தவர்கள் சிரிக்கிறீர்கள். சரி, கல்யாண வீட்டிலும் இதைத்தான் சொல்லுவேன். ஆனால் இன்றைக்குத் தலைப்பே இதுதான்.

நியூயோர்க் நகரில் 1961இல் ஒரு ஏற்பாடு வந்தது. கட்டடக்காரர் தன் காணியில் கொஞ்சத்தை ஊராருக்குத் திறந்துவிட்டால், அதற்கு ஈடாகக் கூடுதலாகக் கட்டிக்கொள்ளலாம். நெருக்கமான பகுதிகளில் 1 சதுர அடி முற்றத்துக்கு 10 சதுர அடி வரை கிடைத்தது. கசக்குமா? 2000ஆம் ஆண்டு எண்ணிப் பார்த்தபோது 320 கட்டடங்களில் 503 இடங்கள். அவற்றில் 41 சதவீதம் ஊராருக்கு அவ்வளவாக உதவாதவை. 2017இல் தணிக்கைக்காரர்கள் போனார்கள்; 333 இடங்களில் பாதிக்கு மேல், தருவதாக ஒப்புக்கொண்ட வசதிகளைத் தரவில்லை. கூடுதலாக வாங்கிய மாடிகள் மட்டும் பத்திரமாக நிற்கின்றன.

அங்கே வில்லியம் வைட் என்று ஒரு மனிதர். 1970களில் இந்த முற்றங்களைப் படம்பிடித்து, எது நிரம்புகிறது, எது வெறிச்சென்று கிடக்கிறது என்று பார்த்தார். கடைசியில் கண்டுபிடித்தது என்ன? உட்கார இடமுள்ள இடத்தில் ஜனம் உட்காருகிறது! இதற்கு வெள்ளைக்காரன் கேமரா வேண்டுமா என்று கேட்பீர்கள். ஆனால் அவர் சொன்னதை வைத்துத்தான் 1975இல் விதியை மாற்றினார்கள்: முற்றத்தின் 30 சதுர அடிக்கு 1 அடி நீள இருக்கை. நகர்த்தக்கூடிய கதிரை போட்டால், உட்காருமுன் மனிதர் அதை ஓர் அங்குலமாவது இழுத்துத் தனதாக்கிக்கொள்கிறார் என்றும் பார்த்து வைத்தார். நமக்கு இதோடு ஒரு கூரையும் வேண்டும். தென்மேற்குப் பருவமழையில் திறந்த முற்றம் குளம்தான்.

மழை என்றதும் பெரியம்மா நினைவு வருகிறது. போன வருஷம் கண்ணாடி வாங்க அவரை டவுனுக்குக் கூட்டி வந்தேன். நாற்பது வருஷம் தேயிலைக் கொழுந்து பறித்த மனுஷி. மழை பிடித்துக்கொண்டது. புதிதாகக் கட்டிய ஒரு கடைத்தொகுதி, எது என்று கேட்காதீர்கள், அதன் முன்னால் பூந்தொட்டிக் கட்டு. பெரியம்மா குந்திவிட்டார். சீருடை போட்ட பையன் ஓடி வந்தான்.

"பாட்டி, இங்க குந்தக் கூடாது."

"ஏன்யா, பூ பூக்காதா?"

"சாமான் வாங்கறவங்களுக்குத்தான்."

பெரியம்மா விறுவிறு என்று உள்ளே போய் ஒரு பனிஸ் வாங்கி, பில்லை நீட்டிக்கொண்டு திரும்பி வந்து குந்தினார். "இப்ப நான் கஸ்டமர்." பையன் தலையைச் சொறிந்தான். "பாட்டி, சாப்பிடவும் கூடாது." "அப்ப இந்தப் பனிஸ என்ன செய்ய, பொட்டு வச்சுக் கும்பிடவா?" பக்கத்தில் மழைக்கு ஒதுங்கி நின்ற ஏழெட்டுப் பேரும் சிரித்துவிட்டார்கள். அப்புறம்தான் கேட்டார்: "நீ எந்தத் தோட்டம்?" சொன்னான். "எந்த டிவிசன்? எந்த லயம்?" கடைசியில் பார்த்தால் அவனுடைய அப்பாயி, பெரியம்மாவுக்குப் பக்கத்து நெரையில் கொழுந்து பறித்தவள்! அவன் முகம் சுருங்கிவிட்டது. "நான் என்ன செய்ய பாட்டி, மேல கேமரா இருக்கு" என்று குரலைத் தாழ்த்தினான். மழை விடும் வரை பெரியம்மா நின்றுகொண்டேதான் இருந்தார். போகும்போது பனிஸை அவன் சட்டைப்பையில் திணித்துவிட்டு வந்தார்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான். இந்தப் பூசாரியோ, பாவம், சம்பளத்துக்கு நிற்கும் நம் பிள்ளை.

அந்தப் பூந்தொட்டிக் கட்டு ஊருக்கு விட்ட இடமா, கடைக்காரர் சொந்த முற்றமா? அங்கே ஒரு பலகை இல்லை. நியூயோர்க்கில் பலகை கட்டாயம்: இது பொது இடம், இத்தனை மணி வரை திறந்திருக்கும், முறைப்பாடு இங்கே. எழுதிவைத்த வரிக்குப் பலம் உண்டு. 2011இல் 'வோல் ஸ்ட்ரீட்டை ஆக்கிரமிப்போம்' போராட்டக்காரர்கள் அங்கே சுக்கோட்டி பூங்காவில் இரவும் பகலும் இருக்க முடிந்ததற்கு ஒரு காரணம், அந்தத் தனியார் பூங்கா 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை. இரண்டு மாதம் கழித்துக் கிளப்பிவிட்டார்கள், அது வேறு கதை. எங்கள் இலங்கையிலும் 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம் இருக்கிறது. அனுமதி கொடுக்கும்போதே நிபந்தனை போடலாம். இருக்கை, கூரை, கழிப்பறை, மும்மொழிப் பலகை. உறுப்பினர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் நான் மேடை ஏறினால் எங்கே வந்து நிற்பேன் என்று உங்களுக்குத் தெரியும். டவுனை விடுங்கள், தோட்டத்துக்கு வாருங்கள். பிள்ளை பள்ளிக்கூடம் போகும் பாதை, பந்தடிக்கும் மைதானம், காமன் கூத்து ஆடும் களம், எல்லாம் தோட்டத்து இடம். 1972இலும் 1975இலும் காணிகள் அரசுக்கு வந்தன. 1992இல் நிர்வாகம் கம்பெனிகள் கைக்குப் போனது. ஊர்ப் பணத்தைத் தோட்டத்துக்குள் செலவழிக்க, 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தடையாக நின்றது. 2018இல் அதைத் திருத்தினார்கள். சாமி வரம் கொடுத்துவிட்டது! பூசாரி? எங்கள் டிவிசன் பாதைக்கு ஒரு லோட் கல் கொட்ட, இன்றைக்கும் தோட்டத்து ஒப்பிஸில் கடிதத்துக்குக் காத்திருக்கிறோம். நியூயோர்க்கில் தனியார் காணியில் ஊருக்கு இடம் கேட்கிறார்கள். நாங்கள் அரசாங்கக் காணியிலேயே கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

தலைவர் இரண்டாவது துண்டும் அனுப்பிவிட்டார். பராமரிப்பு பற்றிப் பேச நேரமில்லை, மன்னிக்கவும். நம் பிரதேசத்தில் எந்தத் தோட்டப் பாதை, எந்த மைதானம் சபைக்கு வரவேண்டும் என்று ஒரு பட்டியல் எழுதுகிறோம். வாசலில், தேத்தண்ணி மேசைக்குப் பக்கத்தில் கொப்பி இருக்கிறது. உங்கள் தோட்டம், டிவிசன், பாதை எவ்வளவு நீளம் என்று எழுதிவிட்டுப் போங்கள். பேனாவை நூலில் கட்டியிருக்கிறேன், போன கூட்டத்தில் இரண்டு காணாமல் போனது.