திட்டம் முடிந்த மறுநாள்

மதிப்பிற்குரிய துணைவேந்தர் அவர்களே, பதிவாளர் அவர்களே, நிதி அலுவலர் அவர்களே (இன்று நான் பேசப்போவது பெரும்பாலும் உங்களிடம்தான், ஐயா), என் நேரத்திலும் கொஞ்சத்தை எடுத்துக்கொண்டு அருமையாகப் பேசிய புல முதன்மையர் அவர்களே, நாற்காலி கிடைக்காமல் பின்னால் நிற்கும் ஆய்வாளர்களே, அனைவருக்கும் வணக்கம். அழைப்பிதழில் என்னைத் துறைத் தலைவர் என்று போட்டிருக்கிறார்கள். நான் அந்தப் பதவியில் இருந்ததே இல்லை. இருந்தாலும் விழாக் குழுவுக்கு நன்றி.

வேலைப் பாதுகாப்பு, வழிகாட்டுதல், மதிப்பீடு என்று மூன்று செய்திகளோடு வந்திருக்கிறேன்.

‘உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது’ என்பார்கள். முனைவர் பட்டம் முடித்தவருக்கு முதலில் இரண்டு ஆண்டு ஒப்பந்தம், அடுத்து ஓராண்டு, அப்புறம் ஆறு மாத நீட்டிப்பு. அந்த நீட்டிப்பில் பாதிக் காலம் அடுத்த வேலைக்கு விண்ணப்பம் எழுதுவதிலேயே போய்விடும். இவர் எப்போது ஆராய்ச்சி செய்வார்?

எனக்குத் தெரிந்த ஆய்வாளர் ஒருவர். எந்தப் பல்கலைக்கழகம் என்று சொல்லமாட்டேன், நீங்களும் கேட்காதீர்கள். செல் வளர்ப்பு, அதாவது ஆய்வகத்தில் உயிரணுக்களை வளர்ப்பது, அவருடைய வேலை. 37 டிகிரி பெட்டிக்குள் செல்கள் இருக்கும். இரண்டு மூன்று நாளுக்கொரு முறை ஊட்டக் கரைசலை மாற்றாவிட்டால் செத்துப்போகும். மாதக் கடைசியில் அவருக்குச் சம்பளம் கொடுத்துவந்த ஆய்வுத் திட்டம் முடிந்தது. மறுநாள் காலையில் வழக்கம்போல் அட்டையைக் காட்டுகிறார், சிவப்பு விளக்கு எரிகிறது. துடைத்துக் காட்டுகிறார், மறுபடியும் சிவப்பு. காவலர், “மேடம், உங்க பேரு சிஸ்டத்துலேயே இல்லையே” என்கிறார். “நான் இல்லாட்டிப் போகட்டும், உள்ளே செல் இருக்கே!” என்கிறார் இவர். கடைசியில் காவலர் தன் பதிவேட்டில் ‘பார்வையாளர்’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு உள்ளே விட்டார். வந்த நோக்கம் என்ற கட்டத்தில் அந்த அம்மா என்ன எழுதினார் தெரியுமா? ‘உணவு கொடுக்க’! சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். இன்னொன்றும் கேளுங்கள். அதே வாரம் அவருடைய கட்டுரை ஏற்கப்பட்டதாக இதழிலிருந்து மின்னஞ்சல் போயிருக்கிறது. பல்கலைக்கழக முகவரியை முடக்கிவிட்டார்கள், கடிதம் திரும்பிவிட்டது. இரண்டு மாதம் கழித்து அதே ஆய்வகத்துக்குப் புதுத் திட்டம் வந்தது. அதற்குள் அவர் ஒரு மருந்து நிறுவனத்தில் சேர்ந்துவிட்டார். புதிதாக வந்தவருக்கு அந்தச் செல்களோடு பழகவே ஓராண்டு ஆயிற்று. இது யாருக்கு நட்டம், நிதி அலுவலர் ஐயா?

பிரிட்டனில் 1996லேயே ஒப்பந்த ஆய்வாளர்களுக்காக ஓர் உடன்படிக்கை போட்டார்கள். 2008இல் புதுப்பித்தார்கள், 2019இல் மறுபடியும் திருத்தினார்கள். நிதி தருவோர், நிறுவனம், ஆய்வாளரின் மேலாளர், ஆய்வாளர் என நால்வருக்கும் தனித்தனியாகக் கடமை வகுத்திருக்கிறார்கள். ஆய்வாளர் தன் தொழில் வளர்ச்சிக்கென்று ஆண்டுக்குக் குறைந்தது 10 நாள் எடுத்துக்கொள்ளலாம். நல்ல ஏற்பாடுதான், குறை சொல்லவில்லை. ஆனால் அடுத்த மாதச் சம்பளம் தெரியாதவர் அந்தப் பத்து நாளில் எந்த வளர்ச்சியைப் பார்ப்பார்? வேலைதான் தேடுவார். வேலைப் பாதுகாப்பை மேம்படுத்த நிறுவனங்கள் முயல வேண்டும், முடிவுத் தேதி இல்லாத ஒப்பந்தங்களைக் கூட்ட வேண்டும் என்பதும் அதே உடன்படிக்கையில்தான் இருக்கிறது. எல்லாரும் 10 நாளைப் படிக்கிறார்கள், இதைப் படிப்பதில்லை.

என்னைத் தெரிந்தவர்களுக்கு அடுத்து என்ன கேட்பேன் என்று தெரியும். இடைக்கால நிதி. ஒரு திட்டம் முடிந்து அடுத்தது தொடங்கும்வரை சம்பளம் நிற்காமல் இருக்கப் பொதுவாக ஒரு நிதி. பணம் எங்கே என்பீர்கள். வெளியிலிருந்து வரும் ஆய்வு நிதிகள் பலவற்றில் பல்கலைக்கழகத்தின் பொதுச் செலவுகளுக்கென்று மேற்செலவுப் பங்கு வருகிறதல்லவா? அதிலிருந்து ஒரு சிறு பகுதியை ஒதுக்குங்கள். அடுத்த திட்டத்துக்கான விண்ணப்பம் நிலுவையில் இருப்பதாக வழிகாட்டி எழுதிக் கொடுத்தால் மூன்று மாதச் சம்பளம். அடையாள அட்டையும் மின்னஞ்சலும் ஆறு மாதம். உழுதவனுக்கு உழக்காவது மிஞ்சட்டுமே!

வழிகாட்டுதல் பற்றி ஒரே வார்த்தை. மாணவரைப் பேராசிரியர் வேலைக்கு மட்டும் தயார் செய்யாதீர்கள். அத்தனை பேருக்கும் அந்த நாற்காலி கிடையாது. இதை முதல் ஆண்டிலேயே சொல்லிவிடுவது மரியாதை.

மணி அடித்துவிட்டார்கள். மதிப்பீடு பற்றிப் பேச நேரமில்லை. இதழின் தாக்கக் குறியீட்டை, அதாவது அதன் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற கணக்கை, வைத்து ஆளை எடைபோடாதீர்கள் என்று 2012இல் சான் பிரான்சிஸ்கோவில் உருவான பிரகடனத்தைத் தேடிப் படித்துக்கொள்ளுங்கள்.

இடைக்கால நிதி கேட்டு எழுதிய மனு வாசல் மேசையில் இருக்கிறது. ஒப்பந்த ஆய்வாளர்கள் பயந்துகொண்டு போட வேண்டாம். நிரந்தரப் பணியில் இருக்கும் பேராசிரியர்கள் முதலில் கையெழுத்திடுங்கள். துணைவேந்தர் அவர்கள் தேநீருக்கு அந்த வழியாகத்தான் போகவேண்டும். பேனாவும் வைத்திருக்கிறேன், ஐயா.