முதல் தொடுகை: மண் தரையில் கற்கும் ஹாக்கி

(நாகர்கோவிலில் உடற்கல்வி ஆசிரியர்கள், பெற்றோர், மாணவ மாணவியர் முன்னிலையில் ஓய்வுபெற்ற ஹாக்கி வீரர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும், ஸ்டிக்கை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

ஹாக்கி என்று பேச்செடுத்தாலே 'டர்ஃப் என்கிற செயற்கைத் தரை இல்லாமல் என்ன பயிற்சி?' என்ற கேள்வி வந்துவிடுகிறது. அதற்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. 1928 முதல் 1964 வரை ஒலிம்பிக்கில் இந்தியாவுக்கு ஏழு தங்கம். 1975இல் கோலாலம்பூரில் உலகக் கோப்பை. எல்லாம் புல்தரையில். 1976இல் மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் முதன்முதலாகச் செயற்கைத் தரை விரித்தார்கள். நாம் ஏழாம் இடத்துக்குப் போனோம். 1980இல் நம் தமிழ்நாட்டு வீரர் வி. பாஸ்கரன் தலைமையில் மாஸ்கோவில் தங்கம் வந்தது, ஆனால் பல முன்னணி அணிகள் வராத போட்டி அது. அதற்குப் பிறகு ஒலிம்பிக் பதக்கத்துக்கு டோக்கியோ வரை காத்திருந்தோம்.

தரை மாறியதால் தோற்றோம் என்பது பாதி உண்மை. தரை மாறியபோது பந்தை நிறுத்தும் முறை மாறியது, நிறுத்திய பின் கிடைக்கும் நேரம் குறைந்தது. அந்த இரண்டையும் நாம் தாமதமாகக் கற்றோம். நான் இன்று முக்கியமாகப் பேச வந்தது அந்த நிறுத்தத்தைப் பற்றித்தான். ஹிட் அடிப்பதைக் கற்றுத்தர ஆளிருக்கிறது. கோல் அடிப்பதைக் கைதட்டிப் பாராட்டவும் ஆளிருக்கிறது. பந்தை வாங்கக் கற்றுத்தருவதற்குப் பள்ளிகளில் நாள் ஒன்றுக்குப் பத்து நிமிடம்கூட ஒதுக்குவதில்லை. ஒரு வீரருக்கு வரும் பந்து ஸ்டிக்கில் பட்டு ஒரு மீட்டர் தள்ளி உருண்டால், அதை மறுபடி எடுக்க அரை நொடி போகும். அந்த அரை நொடியில் ஓடி வருகிற எதிராளி மூன்று மீட்டர் நெருங்கிவிடுவான். அதன்பிறகு எவ்வளவு நல்ல பாஸும் அவன் ஸ்டிக்கில்தான் போய் விழும்.

எப்படி வாங்குவது? முதலில் கால். பந்து வரும் கோட்டுக்குள் கால்கள் போக வேண்டும். ஸ்டிக்கை மட்டும் நீட்டி எட்டிப் பிடிக்கும் பிள்ளைக்கு மண் தரையில் பந்து நிச்சயம் தவறும். முழங்கால் மடங்க, இடுப்பு தாழ, முதுகு நேராக. முதுகை மட்டும் வளைத்து நிற்கும் பழக்கம் பதினைந்து வயதுக்குள் இடுப்புவலியாக வந்து நிற்கும். இடக்கை ஸ்டிக்கின் உச்சியில், உடலை விட்டு முன்னால். வலக்கை பிடித்துணி முடியும் இடத்தருகே, கோழிக்குஞ்சைப் பிடித்திருப்பது போல.

பிறகு சாய்வு. ஸ்டிக்கின் மேல்முனை பந்து வரும் திசைக்குச் சாய்ந்திருக்க வேண்டும், தலைப்பகுதி பின்னால். அப்போது பந்து ஸ்டிக்குக்கும் தரைக்கும் நடுவே அடங்கும். மேல்முனை நம் வயிற்றுப் பக்கம் சாய்ந்தால் ஸ்டிக்கின் முகம் மேல்நோக்கித் திறந்துவிடும். பந்து அதில் ஏறி முகத்துக்கு வரும். முகத்தில் பட்ட அடிகளில் பல இந்தச் சாய்வுப் பிழையால் வந்தவை. ஆகவே வாய்க்காப்பும் கணைக்கால் காப்பும் இல்லாமல் இந்தப் பயிற்சியைத் தொடங்கவே கூடாது.

பந்து படும் அந்தக் கணத்தில் வலக்கை தளர வேண்டும். ஸ்டிக் ஒரு பந்தின் அகலம், அதாவது ஏழு சென்டிமீட்டர் அளவுக்குப் பின்வாங்கினால் போதும். பந்தின் எடை 156 முதல் 163 கிராம்; அது வேகமாக வரும்போது இறுகிய கையில் பட்டால் சுவரில் பட்டதாகத் திரும்பிப் போகும். நின்ற பந்து வலது காலுக்குச் சற்று முன்னால், வெளிப்பக்கம் இருக்க வேண்டும். காலுக்கடியில் நின்றால் தலையைக் குனிந்தே வைத்திருப்பீர்கள், யார் எங்கே ஓடுகிறார் என்று தெரியாது.

மண் தரையில் பந்து கடைசி ஒரு மீட்டரில்தான் துள்ளும். பிள்ளைகள் சரியாக அந்த நேரத்தில்தான் அடுத்து யாருக்குக் கொடுப்பது என்று நிமிர்ந்து பார்க்கிறார்கள். நிமிர்ந்து பார்ப்பது பந்து நம்மை நோக்கிக் கிளம்பும் முன்பே முடிந்திருக்க வேண்டும். பயிற்சிக்கு இருவரை ஐந்து மீட்டர் தூரத்தில் நிறுத்துங்கள், ஓங்கி அடிக்கும் ஹிட் வேண்டாம், ஸ்டிக்கால் தள்ளும் புஷ் மட்டும். ஐம்பது பந்து சுத்தமாக நின்றால் பத்து மீட்டர், பிறகு பதினைந்து. ரிவர்ஸில், அதாவது இடப்பக்கம் வரும் பந்தை ஸ்டிக்கைப் புரட்டி வாங்கும்போது, ஸ்டிக்கைத் திருப்புவது இடக்கை மட்டுமே. வலக்கைக்குள் ஸ்டிக் சுழல வேண்டும். வலக்கையும் சேர்ந்து திருகினால் தட்டை முகம் முழுதாகத் திரும்பாது, பந்து விளிம்பில் பட்டுப் பிசகும், அல்லது உருண்டை முகத்தில் பட்டு நடுவர் விசில் ஊதுவார்.

நம் மாவட்டத்துக்கென்று ஒரு சாதகம் உண்டு. தூத்தூர் பக்கக் கடற்கரைக் கிராமங்களில் கால்பந்து ஊறிப்போனது. அங்கிருந்து வரும் பிள்ளைகளுக்கு இடம் பார்த்து ஓடவும், மூவர் முக்கோணமாக நிற்கவும் யாரும் சொல்லித்தர வேண்டாம். அவர்களிடம் திருத்த வேண்டியவை இரண்டு: நிமிர்ந்தே ஓடுவது, ஸ்டிக்கைத் தாண்டிய பந்தைக் காலால் தடுப்பது. இரண்டாவது அனிச்சைச் செயல். சொல்லித் திருத்த முடியாது. பந்து காலில் பட்டால் அந்த ஆட்டத்தைப் பாதியில் நிறுத்தி எதிரணிக்குப் பந்தைக் கொடுத்துவிடுங்கள். சில வாரங்களில் கால் தானாக விலகும்.

இனி மைதானம். முழு ஹாக்கி மைதானம் 91.40 மீட்டர் நீளம், 55 மீட்டர் அகலம். நம் ஊர்க் கணக்கில் கிட்டத்தட்ட ஒன்றேகால் ஏக்கர். இதை முழுவதும் சீராக்கப் பள்ளிக்கூடத்தில் பணம் இருக்காது. ஆனால் கோலுக்கு முன்னால் உள்ள ஒரு 'டி' வட்டத்தின் பரப்பு ஏறக்குறைய 390 சதுர மீட்டர், பத்து சென்ட்டுக்கும் குறைவு. அந்தப் பத்து சென்ட்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சரளைக் கல்லைச் சல்லடை போட்டு எடுங்கள். செம்மண்ணைப் பரப்பி, கோல்கோட்டிலிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் வடிய லேசான சரிவு கொடுங்கள். மாலையில் தண்ணீர் தெளித்து, மறுநாள் காலையில் மண் காலில் ஒட்டாத பதம் வந்த பிறகு ரோலர் போடுங்கள். ஈரத்தில் உருட்டினால் மண்ணின் மேல்தோல் ரோலரோடு உரிந்து வந்துவிடும். நன்றாகக் காய்ந்த பிறகு உருட்டினால் புழுதிதான் மிஞ்சும். இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் ஐப்பசி கார்த்திகை மழையும் இரண்டும் பெய்கிற ஊர் இது. ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் இதைச் செய்தாக வேண்டும்.

'டி'யை ஏன் தேர்ந்தெடுக்கச் சொல்கிறேன்? பெனால்டி கார்னருக்காக. எதிரணி தன் வட்டத்துக்குள் பிழை செய்தால், ஒருவர் பின்கோட்டிலிருந்து பந்தைத் தள்ள, இன்னொருவர் நிறுத்த, மற்றொருவர் கோலுக்கு அடிக்கும் வாய்ப்பு அது. இன்றைய ஹாக்கியில் ஆட்டத்தை முடிவு செய்வது பெரும்பாலும் அதுதான். பாரிஸ் 2024 வெண்கலப் போட்டியில் ஸ்பெயினை 2-1 என்று வென்றபோது நமது இரண்டு கோலும் பெனால்டி கார்னரில் ஹர்மன்பிரீத் சிங் அடித்தவை.

எல்லோரும் அடிப்பவரைப் பார்க்கிறார்கள். நான் பார்க்கச் சொல்வது தள்ளுபவரையும் நிறுத்துபவரையும். கோல் கம்பத்திலிருந்து பத்து மீட்டர் தள்ளிப் பின்கோட்டில் பந்தை வைக்கிறோம். அங்கிருந்து வட்டத்தின் உச்சிக்கு ஏறக்குறைய 19 மீட்டர். புஷ் நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் வந்தால் ஒன்றேகால் நொடிக்குச் சற்றுக் கூடுதலாகும். அதற்குள் கோல்கோட்டிலிருந்து முதல் தடுப்பாளர் புறப்பட்டு ஓடி வருகிறார். பந்து வட்டத்துக்கு வெளியே போன பிறகே கோலுக்கு அடிக்கலாம் என்பது விதி. நிறுத்துபவர் ஸ்டிக்கைத் தரையோடு தாழ்த்தி வைத்து, பந்தை அசையாமல் நிறுத்தி விலக வேண்டும். அங்கே பந்து அரை அடி நகர்ந்தாலும் அடிப்பவர் காலடியை மாற்றுவார், ஷாட் போய்விடும்.

தள்ளுபவர் செய்யும் பிழை பெரும்பாலும் ஒன்றே. பின்னங்காலிலிருந்து முன்னங்காலுக்கு எடையை மாற்றாமல் கையால் மட்டும் உந்துகிறார். பந்து துள்ளுகிறது, மெதுவாகிறது, கோடும் விலகுகிறது. பந்து பின்காலுக்கு நேராக இருந்து தொடங்கி, ஸ்டிக்கோடு ஒட்டியே முன்காலைத் தாண்டும்வரை வர வேண்டும். 'தட்' என்று சத்தம் கேட்டால் அது புஷ் அல்ல, அடி.

டிராக் ஃபிளிக் பற்றிப் பெற்றோர் கேட்கிறார்கள். வலது காலுக்குப் பின்னாலிருந்து பந்தை ஸ்டிக்கின் கீழ்த்தண்டில் ஏற்றி, இடது காலை நீளமாக வைத்து, இடுப்பு முதலில், உடல் அடுத்து, மணிக்கட்டு கடைசியில் என்று திருப்பி வீசுவது. நல்ல வீரர் வீசினால் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டும். பந்து ஸ்டிக்கை விட்டு நழுவினால் உடல் போதிய அளவு தாழவில்லை என்று பொருள். இடது காலுக்குப் பக்கத்திலிருந்து இழுக்கத் தொடங்கினால் தூரம் குறைந்து வேகம் வராது. இந்த வீச்சு கீழ்முதுகையும் இடது இடுப்பையும் கடுமையாக முறுக்குகிறது. வளரும் பிள்ளைக்கு இதைத் தினமும் நூறு முறை போடச் சொல்லும் பயிற்சியாளரிடம் உங்கள் பிள்ளையை விடாதீர்கள். இதைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். பள்ளி அணிக்கு, அதுவும் மண்ணில், ஸ்டிக்கைத் தரையோடு வீசும் ஸ்வீப்பும் நேர் புஷ்ஷும் போதும். கார்னரின் முதல் ஷாட் ஹிட்டாக இருந்தால் கோல்கோட்டில் 460 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. அது கோலுக்குள் இருக்கும் பலகையின் உயரம். கரடான தரையில் ஹிட் அடித்தால் பந்து எழும்பி அந்தக் கோல் கணக்கில் சேராமல் போகும். ஓடி வந்து தடுக்கும் பிள்ளைக்கு முகமூடி கட்டாயம்.

ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று ஆடிக்கு முன்னும் பின்னும் வீசும்போது தூக்கிப் போடும் பந்து நம்பகமற்றது. எதிர்காற்றில் அது இடையிலேயே விழும், நம் ஆளுக்குப் பதில் எதிராளியின் காலடியில். அந்த நாட்களில் தரைப் பாஸே நல்லது.

மண்ணில் பழகிய அணி டர்ஃபில் இறங்கும்போது முதல் பத்து நிமிடம் தடுமாறும். மண்ணில் பந்து வேகம் குறையும் என்று எதிர்பார்த்தே தடுக்கப் போவோம். டர்ஃபில் அது குறையாது, நாம் தாமதமாகிவிடுவோம். மாவட்டப் போட்டிக்கு இரண்டு வாரம் முன்பே பள்ளியின் சிமென்ட் கூடைப்பந்துத் தளத்துக்குப் பயிற்சியை மாற்றுங்கள். பழைய ஸ்டிக்கின் அடியில் டேப் சுற்றிப் பயன்படுத்தலாம். ஹிட் கூடாது. புஷ், நிறுத்தம், மறுபடி புஷ். தொடுகைக்கும் அடுத்த பாஸுக்கும் நடுவில் ஒரு நொடிக்கு மேல் போகாமல் பாருங்கள். கண்ணும் கையும் வேகத்துக்குப் பழகும்.

ஸ்டிக் வாங்கும்போது விலையைப் பார்த்துக் கார்பன் கலந்ததை வாங்க வேண்டாம். சரளையில் அதன் அடிவிளிம்பு நார் நாராகப் பிரியும். மண் தரைக்கு மரம் போதும். மழையில் நனைந்தால் நிழலில் உலர்த்துங்கள், வெயிலில் வைத்தால் வெடிக்கும். 'வளர்ந்துவிடுவான்' என்று நீளமாக வாங்கித் தருவது பெரிய தவறு. நீளமான ஸ்டிக்கோடு பிள்ளை நிமிர்ந்துதான் நிற்கும், இடுப்பு தாழாது, நான் இதுவரை சொன்ன எதுவும் நடக்காது. தரையில் ஊன்றினால் இடுப்பெலும்பின் மேல்விளிம்பு வரை வருவது சரியான அளவு.

மக்களே, எல்லாரும் எழுந்து அவரவர் ஸ்டிக்கை இடுப்போடு வைத்துப் பாருங்கள். அளவு சரியாக உள்ளவர்கள் இருவர் இருவராக மைதானத்தில் ஐந்து மீட்டர் தள்ளி நில்லுங்கள். நீளமாக இருப்பவர்கள் என்னிடம் வாருங்கள், இங்கே சின்ன ஸ்டிக் சில இருக்கின்றன.