வாசனை பிடித்து ஊர் திரும்பும் மீன்

(காட்சி: கடலூர் முதுநகர், விடியற்காலை. வெயிலுக்காகப் பரப்பி வைத்த கருவாடு.)

சென்னையிலிருந்து ராத்திரி பஸ்ஸில் தூங்கிக்கொண்டே வருகிறீர்கள். கண்ணைத் திறக்காமலேயே ஓ.டி. (ஓல்டு டவுன், அதாவது முதுநகர்) வந்துவிட்டது என்று தெரிந்துவிடும். கருவாட்டு வாசனை சொல்லிவிடும். சால்மன் மீனும் தான் பிறந்த ஓடையை இப்படித்தான் கண்டுபிடிக்கிறது.

நம்மூர் சந்தையில் 'இந்தியன் சால்மன்' என்று விற்கிற காலா மீனைச் சொல்லவில்லை. அதற்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நான் சொல்வது குளிர்நாட்டு மீன்.

(காட்சி: கனடா, ஆடம்ஸ் ஆறு, அக்டோபர்.)

தண்ணீரில் குங்குமத்தைக் கொட்டியது போல இருக்கிறதா? அத்தனையும் சாக்கை சால்மன். கடலில் வெள்ளியாக மின்னியவை, ஆற்றில் ஏறும்போது உடம்பு சிவந்து தலை பச்சையாகிவிடும். ஏறக்குறைய 500 கிலோமீட்டர் எதிர்நீச்சல். வழியில் சாப்பாடே கிடையாது, உடம்பில் சேர்த்த கொழுப்புதான் பயணச் செலவு.

சரி, இத்தனை கிளையாறுகளில் எது தன்னுடையது என்று எப்படித் தெரியும்?

ஆர்தர் ஹாஸ்லர் என்ற அமெரிக்க விஞ்ஞானி, யூட்டா மலையில் ஏறிக்கொண்டிருந்தார். அருவிப் பக்கமிருந்து பாசியும் காட்டுப்பூவும் கலந்த வாசனை வந்தது. மறந்தே போயிருந்த சின்ன வயசு ஞாபகங்கள் திரும்பி வந்தன. மீனுக்கும் இப்படித்தானோ என்று தோன்றியது அவருக்கு.

1950களில் சோதித்தும் பார்த்தார். வாஷிங்டன் மாநிலத்தில், இரண்டாகப் பிரியும் ஓர் ஓடை. இரு கிளைகளிலும் சால்மன்களைப் பிடித்து, பாதி மீன்களின் மூக்கை அடைத்து, பிரிவுக்குக் கீழே கொண்டுபோய் விட்டார்கள். மூக்கு திறந்திருந்தவற்றில் பெரும்பாலானவை பழைய கிளைக்கே போயின. அடைபட்டவை கண்டபடி பிரிந்து போயின. எனக்கு இதில் பிடித்ததே சோதனையின் எளிமைதான். பெரிய கருவி எதுவும் இல்லை!

ஆனால் நடுக்கடலில் ஓடையின் வாசனை ஏது? அங்கே பூமியின் காந்தப்புலம் வழிகாட்டுகிறது. கரையை நெருங்கிய பிறகுதான் மூக்குக்கு வேலை.

ஊர் சேர்ந்ததும் பெண் மீன் வாலால் கூழாங்கல்லைத் தள்ளிக் குழி பறித்து முட்டையிடும். சில நாளில் தாயும் தகப்பனும் செத்துப்போகும். கரடி, கழுகு, கரையோர மரங்கள், எல்லாவற்றுக்கும் அந்த உடல்கள்தான் உணவு, உரம்.

(காட்சி: தேவனாம்பட்டினம், இரவு.)

இதைப் பார்க்கக் கனடா போக முடியாதவர்களுக்கு நம்மிடம் பங்குனி ஆமை இருக்கிறது. அதுவும் காந்தப்புலத்தை வைத்துத்தான் பிறந்த கரைப்பக்கம் திரும்புகிறது. ஜனவரி முதல் ஏப்ரல் வரை, ராத்திரியில் மணலேறி நூறு முட்டை போல இடும். டார்ச் வேண்டாம், செல்போன் வெளிச்சமும் வேண்டாம், அதன் எதிரில் போய் நிற்கவும் வேண்டாம். மிரண்டால் முட்டையிடாமலே திரும்பிவிடும்.

ராத்திரி முழிக்க முடியாதவர்கள் விடியற்காலையில் சில்வர் பீச்சுக்கு நடக்கப் போங்கள். அதிர்ஷ்டம் இருந்தால் மணலில் டிராக்டர் டயர் ஓடிய மாதிரி இரண்டு தடம் தெரியும். ஏறி வந்தது ஒன்று, இறங்கிப் போனது ஒன்று.